உன் கில்ட்டுகளைத் தொங்கவிடும் முறை

தம்பி,

போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடியதைப் பக்கம் பக்கமாக எழுதுவதற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழுக்கு இந்தக் கடிதம் கொஞ்சம் பாரமாகத்தான் இருக்கும். ஆனால் நேரில் கதைக்கத் தொடங்கினால் என் குரல் பாதியிலேயே இறங்கிவிடும். நீயும் "ஓம் அம்மா, பேந்து கதைப்பம்" என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விடுவாய். எழுதினால் நான் முடிக்கும்வரை என்னை யாரும் மறிக்க முடியாது. இதை மற்றவர்களும் வாசிக்கக் கொடுத்ததற்கும் காரணம் உண்டு. போன ஞாயிறு நடந்தது ஆட்கள் முன்னால் நடந்தது. அதைப் பற்றி நான் நினைப்பதும் ஆட்கள் முன்னால் இருக்கட்டும்.

விஷயம் உன்னுடைய இரண்டு கில்ட்டுகள். அடுத்த மாதம் கலியாணம் முடிய நீ மொன்றியலின் வில்லரேப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இருந்து அஹுன்ட்சிக்கில் எடுத்திருக்கும் புது வீட்டுக்குப் போகிறாய். பன்னிரண்டு வயதில் ஒரு பைப் குழுவில் சேர்ந்த நாளில் இருந்து வாசிப்பது உன் வேலை, உடுப்பைப் பார்ப்பது என் வேலை என்று இருந்துவிட்டோம். அதனால் கில்ட்டைக் கட்டத்தான் உனக்குத் தெரியும், வைக்கத் தெரியாது. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். கில்ட் என்றால் ஸ்கொட்லாந்துக்காரர் கட்டும் கட்டம் போட்ட கம்பளி உடுப்பு. முன்னால் தட்டையாக இருக்கும், பின்னால் முழுக்க மடிப்பு. முழங்காலோடு நிற்கும். பாக்பைப் வாசிக்கிறவர்கள் ஊர்வலத்திலும் போட்டியிலும் அதைக் கட்டுவார்கள். என் மகனும் கட்டுவான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கட்டப்போகும் சஹானாவின் வீட்டார் ரொறொன்ரோவில் இருந்து வருவதற்கு முதல் கிழமை பெரியப்பா போன் எடுத்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அவையள் வரேக்க அந்தப் பாவாடையளை எங்கையாவது ஒளிச்சு வையுங்கோ."

"அண்ணை, இப்ப நீங்கள் என்ன உடுத்துக்கொண்டு கதைக்கிறியள்?" என்று அப்பா கேட்டார்.

"சாரம். ஏன்?"

"பேந்தென்ன?"

"சாரம் வேறை, பாவாடை வேறை."

"என்ன வேறை?"

பெரியப்பா குனிந்து தான் கட்டியிருந்த லுங்கியைப் பார்த்திருக்கவேண்டும். "சாரத்தில மடிப்பு இல்லை" என்றார்.

அப்பாவும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலை குப்பைக்குப் போடும் கறுப்புப் பை ஒன்று வாசலில் இருந்தது. பழைய உடுப்புப் போடும் பெட்டிக்குக் கொண்டுபோக நீ கட்டி வைத்தது. திறந்து பார்த்தேன். இரண்டு கில்ட்டும் பந்துபோலச் சுருட்டி, மேலே உன் பழைய ஜிம் சப்பாத்து. எடுத்து உதறி, ஆவி காட்டி, மடிப்பு மடிப்பாக நீவி, வாசலில் வருகிறவர்கள் கோட்டு மாட்டும் அலுமாரியில் நடுவில் தொங்கவிட்டேன். வேண்டுமென்றே அங்கேதான் விட்டேன். மொன்றியல் குளிரில் யார் வந்தாலும் முதலில் திறக்கும் கதவு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை சஹானாவின் அப்பா அந்தக் கதவைத் திறந்தார். கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதென்ன தங்கச்சி, உங்களுக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லையெண்டெல்லோ சொன்னவை?"

பெரியப்பா முந்திக்கொண்டார். "அது சும்மா, பள்ளிக்கூட நாடகத்துக்கு எடுத்தது."

"இல்லை" என்றேன். ஆட்கள் கூடிய இடத்தில் நான் முதலில் வாய் திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். காதெல்லாம் சுட்டது. "அது தம்பியின்ர. அவன் பைப் வாசிக்கிறவன்."

எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நான் சஹானாவைப் பார்த்தேன். அவள் ஒரு பூட்ஸைக் கழற்றி, மற்றதைக் கழற்றாமல், உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ சொன்னாய்: "அது பழசு அங்கிள். இப்ப விட்டிட்டன்."

"நல்லதாப் போச்சு" என்றார் அவர். "இல்லாட்டி மணவறையில ரெண்டு பேரும் பாவாடையோடதான் இருந்திருப்பினம்."

வீடு முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். சஹானா மற்ற பூட்ஸைக் கழற்றி, இரண்டையும் நேராக வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை தம்பி. பகிடி விட்டார், அவ்வளவுதான். அவர் சிரித்ததில் எனக்குக் கோபம் இல்லை. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அப்பா, அவர்கள் போன பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது. "அவன் விட்டிட்டானோ? எனக்குச் சொல்லேல்லையே." முதல் நாள் பின்னேரம்கூட நீ அறைக்குள் இருந்து வாசித்ததை அவர் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவர். இந்தக் கிழமை நீ பயிற்சிக்கும் போகவில்லை. பொய்யை உண்மையாக்கப் பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

சரி, ஹாங்கரில் இருந்து தொடங்குகிறேன். சலவைக்கடையில் தரும் கம்பி ஹாங்கர் இந்த உடுப்புக்கு ஆகாது. ஒரு கில்ட்டில் ஏறக்குறைய எட்டு யார், அதாவது எட்டு கெஜம், கம்பளி இருக்கிறது. கம்பி நடுவில் வளைந்து, கில்ட்டும் நடுவில் தொய்ந்து, இரண்டு மாதத்தில் இடுப்புப் பட்டி ஆளைப் பார்த்து இளிக்கும். கனமான மர ஹாங்கர், பலமான கிளிப்புகள் உள்ளதாக வாங்கு. கட்டிலில் விரித்து, மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காகப் படுத்திருக்கின்றனவா என்று உள்ளங்கையால் தடவிப் பார். பிறகு முன்னால் ஒன்றன்மேல் ஒன்று வரும் தட்டையான பக்கங்கள் இரண்டையும் மேலே மூடி, இடுப்புப் பட்டி நேர்கோடாக இருக்கும்படி பிடித்து, பட்டியில் மட்டும் கிளிப்பைப் போடு. கீழே மடிப்பில் போட்டால் பல் பதிந்த அடையாளம் போகவே போகாது. பட்டிக்கும் கிளிப்புக்கும் இடையில் ஒரு துண்டுத் துணி வை. தோல் வார்களைப் பூட்டாமல் விடு. பூட்டித் தொங்கவிட்டால் பூட்டிய இடத்தில் தோல் வெடிக்கும். மிச்சத்தைக் கில்ட்டே பார்த்துக்கொள்ளும். அதன் பாரமே அதன் மடிப்பை நேராக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கமாட்டாய், ஏனென்றால் நான் கெடுத்த கதை உனக்குத் தெரியும். குழு உனக்கு முதல் கில்ட்டைத் தந்தபோது, இவ்வளவு நல்ல கம்பளியை எங்கே வைப்பது என்று பார்த்து, என் கூறைச் சீலைக்குப் பக்கத்தில் மடித்து வைத்தேன். பட்டுச் சீலையை ஒரே மடிப்பில் விட்டால் மடிந்த இடத்தில் சரிகை அறுந்துவிடும். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பை நீவி, வேறு இடத்தில் மடித்து வைப்போம். கில்ட்டுக்கும் அதையே செய்தேன். ஒவ்வொரு முறையும் பழைய மடிப்பைக் கையால் அழுத்தி எடுத்து, புது இடத்தில் புது மடிப்பு. பாரமான புத்தகம்கூட மேலே வைத்தேன். உன் முதல் போட்டியன்று காலை நீ அதை எடுத்து விரித்தபோது, பின்பக்கம் கசக்கி எறிந்த சாக்குப்போல இருந்தது. ஒரு மடிப்புக்குள் மூன்று கோடு. கட்டங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. நீ அழாமல் நின்று, "அம்மா, இது சீலை இல்லை. இதுக்கு மடிப்பு மாறக் கூடாது" என்றாய். அப்படியே கட்டிக்கொண்டு போனாய். குழுவில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். யார் கெடுத்தது என்று கேட்டதற்கு, "எங்கட அம்மா பட்டு மாதிரிப் பாத்தவ" என்று பெருமையாகச் சொன்னாயாம். அதை எனக்குச் சொன்னது நீயில்லை, உன்னை ஏற்றிக்கொண்டு போன அப்பா.

கட்டிக் கழற்றிய உடனே அலுமாரிக்குள் போடாதே. உடம்புச் சூடும் வியர்வையும் கம்பளிக்குள் இருக்கும். ஒரு இரவு முழுக்கக் காற்றுப் படும் இடத்தில் தொங்கட்டும். பிறகு மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக, மடிப்பின் போக்கிலேயே தட்டு. நனைந்திருந்தால் ஹீற்றருக்குக் கிட்டக் கொண்டுபோகாதே. மார்ச் மாதத்து ஊர்வலம் ஒன்றில் மழையும் பனியும் கலந்து கொட்டிய நாள் ஞாபகம் இருக்கும். அன்று உனக்கு ஞாபகம் இருக்க வழியில்லாத ஒன்றும் நடந்தது. அப்பாவும் நானும் நடைபாதையில் நின்றோம். நீ மூன்றாவது வரிசையில், கன்னம் ஊதி, முழங்கால் சிவந்து வந்தாய். அப்பா பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவரின் தோளைப் பிடித்து, தமிழில், "என்ர பெடியன், அங்க, என்ர பெடியன்" என்று உலுக்கினார். அந்த மனிதருக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் நீ திரும்பிப் போகும்வரை கை தட்டினார். குளிர்காலம் முழுக்கச் சென்ட் லோரன்டில் பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கும் உன் அப்பா, யாரையும் தோளில் பிடித்து உலுக்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பிறகும் பார்த்ததில்லை.

அந்த ஊர்வலம் முடிந்துதான் மூன்று பேரும் கொத்துரொட்டிக் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணை உன்னைக் காலில் இருந்து தலைவரை பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வேட்டி மழையில நனைஞ்சு சுருங்கிப் போச்சோ?" என்றார். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு அப்போது பதினாறு வயது. நீ தலையைக்கூடத் திருப்பாமல், "ஓம் அண்ணை, சுருங்கியும் எட்டு யார் இருக்கு. உங்கட வேட்டி எத்தினை யார்?" என்று கேட்டாய். அவரே பெரிதாகச் சிரித்து, உன் கொத்தில் இன்னொரு முட்டை உடைத்து ஊற்றினார். பதினாறு வயதில் இருந்த வாய் இருபத்தைந்து வயதில் எங்கே போனது என்றுதான் ஞாயிற்றுக்கிழமையில் இருந்து தேடுகிறேன். அன்று உன் மடியில் சிந்திய குழம்பை எடுக்க நான் பட்ட பாடு வேறு கதை. கறை பட்டால் தேய்க்காதே. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடு. மெஷினில் போட்டாயானால் பொம்மைக்குக் கட்டுகிற அளவில் வெளியே வரும்.

அந்தக் கறையில்தான் பூச்சியும் வரும். கம்பளியைத் தின்னும் பூச்சிக்கு வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பிடிக்கும், அவற்றைவிட இருட்டும் ஆள் தொடாத இடமும் பிடிக்கும். அலுமாரியில் சீடர் மரத்துண்டுகள் போடு, வாசம் குறைந்தால் மண்தாளால் லேசாகத் தேய். நம்மட ஆட்கள் எல்லாவற்றுக்கும் போடுகிற பூச்சி உருண்டை வேண்டாம், அந்த மணத்தோடு நீ வாசித்தால் பக்கத்தில் நிற்கிறவன் மயங்கி விழுவான். பிளாஸ்ரிக் உறையும் வேண்டாம், உள்ளே ஈரம் நிற்கும். பழைய படுக்கை விரிப்பில் இரண்டு பருத்தி உறை தைத்து வைத்திருக்கிறேன். ஆனால் தம்பி, இத்தனை வருடத்தில் நான் கண்டது, அடிக்கடி எடுத்து உடுக்கிற கம்பளியைப் பூச்சி கிட்டவும் போகாது. ஆறு மாதம் பின்னுக்குத் தள்ளி வைத்ததைத்தான் தின்னும்.

புது வீட்டு அலுமாரியைப் போனமுறை வந்தபோது பார்த்தேன். இரண்டு பேருக்கு ஒன்று, இழுத்துத் திறக்கும் கதவு. சஹானாவுக்குச் சீலைகள் நிறைய வரும், உனக்கும் ஆபீஸ் உடுப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் அடைத்தால் முதலில் நசுங்குவது கில்ட்தான். இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் விடு. மூலையில் வைக்காதே, மற்றக் கோட்டுகளுக்குப் பின்னாலும் வைக்காதே. கதவை இழுத்தால் தெரிகிற இடத்தில் வை. போட்டிக்கு வேறு ஊருக்குக் கொண்டுபோவதானால், மடிக்காமல் அகலப்பாட்டில் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி ஒரு நீளத் துணிப்பைக்குள் நுழை. இப்போது இரண்டிலும் மடிப்புகளின்மேல் வெள்ளை நூலால் நீளமாக ஓட்டத் தையல் போட்டிருக்கிறேன், வீடு மாறும்போது மடிப்பு கலையாமல் இருக்க. கட்டுவதற்கு முன் நூலை உருவிவிடு. மறந்து அப்படியே கட்டிக்கொண்டு நடந்தால் அடி எடுத்து வைக்க முடியாது.

நீ "பழசு, விட்டிட்டன்" என்று சொன்ன குரல் எனக்குப் புதிது இல்லை. என் குரல் அது. பதினெட்டு வயதில் கலியாணம் கட்டி வந்து, நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு நான் பிரெஞ்சு படித்து, பிறகு பல்கலைக்கழகம் போய், முப்பத்தாறு வயதில் பட்டம் எடுத்தேன். என் வீட்டிலும் உன் அப்பாவின் வீட்டிலும் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். ஒரு பிறந்தநாள் வீட்டில் பெரியப்பா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இந்த வயசில ஆருக்குக் காட்டப் படிக்கிறீர், பிள்ளை?" நான், "இல்லை அத்தான், சும்மா ஒரு கோர்ஸ்" என்றேன். நாலு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டு படித்ததற்கு ஒரு சொல்லில் வாய்க்கரிசி போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அன்றைக்குச் சண்டை வராமல் போனது. இன்றுவரை அந்த வீட்டில் நான் சும்மா ஒரு கோர்ஸ் படித்தவள்தான். கூச்சத்தில் ஒருமுறை சொன்னதை மற்றவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள் தம்பி. அதைத் திருப்பி எடுக்க ஒவ்வொரு வருடமும் கஷ்டமாகிறது.

இந்தக் கிழமை நான் வேலை செய்யும் கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்கு உன் படத்தைக் காட்டினேன், கில்ட்டோடு நிற்கும் படம். மூன்று வயதுப் பிள்ளைகள். ஒருத்தி மட்டும் கேள்வி கேட்டாள்: "அவருக்கு முழங்கால் குளிராதா?" குளிரும் என்றேன். "அப்ப ஏன் போட்டிருக்கிறார்?" வாசிக்கப் பிடிக்கும், அதனால் என்றேன். சரி என்று போய்விட்டாள். கேட்கவேண்டியது அவ்வளவுதான், சொல்லவேண்டியதும் அவ்வளவுதான். பெரியவர்களுக்கு இதைவிட நீளமான விளக்கம் நான் கொடுக்கப் போவதில்லை. வெள்ளைக்காரன்ர உடுப்பு எங்களுக்கு எதற்கு என்று பெரியப்பா கேட்கிறார். அவர் கோயிலுக்கு வரும்போது வேட்டிக்கு மேலே போடுகிற குளிர்க்கோட்டு யாருடையது என்று நான் கேட்கவில்லை. இனிக் கேட்பேன்.

மணவறையில் நீ பட்டு வேட்டிதான் கட்டவேண்டும். அதில் எனக்கு வாதம் இல்லை, எனக்கும் ஆசை இருக்கிறது. கலியாணத்தில் பைப் வாசி என்றும் கேட்கவில்லை. நீ உண்மையாகவே ஒருநாள் அலுத்து, போதும் என்று விட்டால் அதுவும் உன் விருப்பம். அன்று நானே இரண்டையும் நன்றாகத் துலக்கி, குழுவில் சேருகிற இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பேன். ஆனால் ஒரு மனிதர் கோட்டு மாட்டும் நேரத்தில் விட்ட பகிடிக்காக விட்டாய் என்றால், அதை நான் ஏற்கமாட்டேன். கோட்டு அலுமாரியில் இருந்து அவற்றை எடுக்கவும் மாட்டேன். பெரியப்பா நேற்றும் போன் எடுத்து, "இன்னும் அங்கயே தொங்குது?" என்று கேட்டார். "ஓம் அத்தான், உங்கட கோட்டுக்கும் பக்கத்தில இடம் விட்டிருக்கிறன்" என்றேன். அப்பா எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தார். சிரிப்பை அடக்க அவருக்கு அதுதான் வழி.

இனி, கேட்க நினைத்து இவ்வளவு நேரமும் ஹாங்கரையும் பூச்சியையும் பற்றி எழுதித் தள்ளிப்போட்டது. மாப்பிள்ளையின் அம்மா இதைக் கேட்பது முறையில்லை என்று ஆட்கள் சொல்லுவார்கள். சொல்லட்டும். சஹானாவின் அப்பாவுக்கு நீ போன் எடு. கலியாணத்துக்கு முன், இந்தக் கிழமையே. மெசேஜ் போடாதே, பெரியப்பா மூலமும் சஹானா மூலமும் சொல்லாதே. உன் வாயால், தமிழில், அன்று சொன்னது பொய் என்று சொல். நான் விடவில்லை, அது என்னுடையது, இந்த வருடமும் கட்டுவேன் என்று சொல். மன்னிப்புக் கேட்காதே, விளக்கமும் வைக்காதே. சஹானா பக்கத்தில் இருக்கும்போது எடுத்தால் நல்லது. அவர் திரும்பவும் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும் தம்பி. அவர் சிரித்து முடியும்வரை போனை வைக்காதே.

அம்மா